பெரட்டில் நின்ற கால்கள்

பெடாஸுக்கு மூன்று மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் நீதி வந்து இறங்கியது 2603ஆம் ஆண்டில். அச்சுப்பிழை இல்லை, நம் கணக்கில் அது 1943. 1941 என்று எழுதிக்கொண்டிருந்த தோட்டக் கணக்கர்களான கிராணிமார்கள், ஜப்பான்காரர்கள் வந்த கையோடு ஒரே தாவலில் அறுநூற்று அறுபது வருஷம் முன்னால் போய்விட்டார்கள். வருஷத்தையே தூக்கி வைத்தவர்களுக்கு மணியை மாற்றுவது ஒரு காரியமா? மலாயா முழுவதும் கடிகார முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, அதற்கு டோக்கியோ நேரம் என்று பெயர் வைத்தார்கள். சூரியனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை. அது தன் பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது.

அதனால் ஆறரை மணிப் பெரட்டுக்குத் தொழிலாளர்கள் கும்மிருட்டில் வந்து நின்றார்கள். வேலைக்குப் போகுமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. வெள்ளைக்காரன் காலத்தில் நேரே பேர் கூப்பிடுவார்கள். இப்போது அதற்கு முன்னால் ஒரு வணக்கம் சேர்ந்திருந்தது. விசில் ஊதியதும் கிழக்கே திரும்பி, அங்கே எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிற சக்கரவர்த்தியை நினைத்து இடுப்பு மட்டும் குனிய வேண்டும். மறு விசில் வரை நிமிரக் கூடாது. போன மாதம் ஒருவன் தும்மல் வந்து தலையைத் தூக்கிவிட்டான். அவனை மத்தியானம் வரைக்கும் வெயிலில் நிற்க வைத்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தில் அறைந்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் யாருக்கும் தும்மலே வருவதில்லை.

ஆட்களை வேலை வாங்கும் நல்லசாமி மண்டோர் செத்தது அப்படியொரு வணக்கத்தின் நடுவில்தான். பூட்டிக் கிடந்த ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. பெரட்டுக் களத்தில் நூற்றெண்பது பேர் அதைக் கேட்டார்கள். நூற்றெண்பது பேரும் குனிந்தே இருந்தார்கள். விசில்காரச் சிப்பாயும் குனிந்துதான் இருந்தான். அவன் எண்ண வேண்டியதை எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து ஊதினான். அப்புறம் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பேர் கூப்பிட்டார்கள். சத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி உத்தரவும் இல்லை. வேலை பிரித்துக் கொடுத்துப் பெரட்டு முடிய வெளுத்துவிட்டது. ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போனார்கள். நன்றாக விடிந்த பிறகு, ஸ்டோரைத் திறக்க வந்த சின்னக் கிராணி ராமகிருஷ்ணன்தான் மண்டை பிளந்து கிடந்த மண்டோரைப் பார்த்தார்.

மண்டோருக்காக அழுதவர்கள் குறைவு. சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து நாற்பது ஆள் அனுப்ப வேண்டும், யார் யார் என்று எழுதுவது அவர் வேலை. முப்பத்தெட்டுப் பேரை எழுதி முடித்திருந்தார். போன முறை சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஆகவே எழுதப்பட்ட முப்பத்தெட்டு வீட்டிலும், இன்னும் எழுதாத அந்த இரண்டு பேர் நாமாக இருப்போமோ என்று பயந்த மற்ற எல்லா வீட்டிலும் மண்டோர்மேல் கோபம் இருந்தது. யார் கொன்றார்கள் என்று கண்டுபிடிக்கப் புகுந்தால் தோட்டத்தையே கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதிகாரிகள் புத்திசாலிகள். அந்த வேலைக்கே போகாமல் வீரமுத்துவைப் பிடித்துக் கொண்டுபோனார்கள்.

வீரமுத்துவின் மனைவி பஞ்சாலைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் புருஷன் கோழி அறுக்கக்கூட அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவன். தவிரவும், அந்த "ஐயோ" கேட்டபோது அவன் அவளுக்கு ஒரு கை தூரத்தில், முன் வரிசையில் குனிந்து நின்றிருந்தான். ஆண்கள் வரிசை முன்னால், பெண்கள் வரிசை பின்னால். சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். கொலை நிரூபணமானால் சிரம்பானுக்குக் கொண்டுபோய்த் தலையை எடுத்துவிடுவார்கள் என்று சொன்ன பிறகுதான் அவள் சாட்சி யாரென்று விசாரிக்கக் கிளம்பினாள்.

அவனுக்கு எதிராக இருந்தது ஒரே சாட்சி, ராமகிருஷ்ணன் கிராணி. ஆறரை மணிக்கு வீரமுத்து மண்வெட்டியோடு ஸ்டோர் அருகே போனதைக் கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருந்தார். பஞ்சாலை அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கிராணி ஐயா, அவரப் பாத்தது நெசமாங்க?"

"நெசம்தான். மண்வெட்டியத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். நான் பொய் சொல்ல மாட்டேன், பஞ்சாலை."

"மரவள்ளிக் காட்டுக்கு அந்த வழியாத்தானே எல்லாரும் போறோம். பெரட்டு முடிஞ்சு போயிருப்பாரு."

"அது எனக்குத் தெரியாது. பொணத்தப் பாத்தேன், கடிகாரத்தப் பாத்தேன். ஆறரை."

"அப்போ வெளிச்சம் இருந்துச்சுங்களா?"

"நல்லா இருந்துச்சே. மூஞ்சி தெரிஞ்சுதே."

"ஆறரைக்கு ஏதுங்க வெளிச்சம்? பெரட்டுல விளக்கு வெச்சுல்ல பேரு கூப்புடறாங்க."

ராமகிருஷ்ணன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து சங்கிலி போட்ட கடிகாரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பழைய துரை கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது.

"இது பழைய நேரம். துரை திரும்பி வந்து மணி கேட்டா சரியாச் சொல்லணுமில்ல? அதான் நான் மாத்தவே இல்ல."

"அப்போ அந்த ஆறரை, எட்டு மணிங்க. வணக்கம் முடிஞ்சு ஒன்றரை மணி நேரம் ஆயிருச்சு."

"எட்டுதான். ஆனா அதச் சொல்ல முடியாதுலா. பழைய நேரம் வெச்சிருந்தேன்னு தெரிஞ்சா, துரைக்கு ஆளுன்னு சொல்லி என் தலைய எடுத்துருவான். தலை தப்பிச்சாலும் சயாம் லிஸ்டுல ரெண்டு எடம் காலியாக் கெடக்கு."

"அவரு தலை போகுதுங்களே, ஐயா."

"நான் பொய்யா சொல்லியிருக்கேன்? என் கடிகாரத்துல ஆறரை. எந்தச் சாமி முன்னால வேணும்னாலும் சூடம் அணைச்சுச் சொல்றேன். ஆறரைதான்."

அவர் நேர்மையான மனிதர். பொய்யராக இருந்திருந்தால் பஞ்சாலைக்குத் திட்டவாவது முடிந்திருக்கும். அன்று அவள் திட்டக்கூட முடியாமல் வீட்டுக்கு நடந்தாள்.

நீதிமன்றம், துரைமார்கள் பந்து தட்டிக்கொண்டிருந்த கிளப்பில் கூடியது. நீதிபதி முன்பு சிரம்பானில் போட்டோ கடை வைத்திருந்த ஜப்பான்காரர். பதினைந்து வருஷம் கல்யாண ஜோடிகளை நாற்காலியில் உட்காரவைத்து, முகவாயைத் தூக்கிவிட்டு, சிரிக்கச் சொன்னவர். ஜப்பான் படை வந்ததும் ஒருநாள் கடையிலிருந்து உடுப்போடும் வாளோடும் வெளியே வந்தார். சனங்கள் அவரை முதுகுக்குப் பின்னால் போட்டோ துவான் என்றார்கள், துவான் என்றால் மலாயில் ஐயா. அவருக்கு மலாய் நன்றாக வரும். அதைத் தமிழில் சொல்ல, பெடாஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஹாஜா மைதீனைப் பிடித்து வந்திருந்தார்கள். சமைக்க அரிசி இல்லாமல் அவரும் சும்மாதான் இருந்தார்.

எல்லாரும் கிழக்கே குனிந்து நிமிர்ந்ததும் நீதிபதி பேசினார். ஹாஜா மைதீன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"துவான் சொல்றாக, இங்கிலீஷ்காரன் கோர்ட்டுல ஒரு கேசு ரெண்டு வருசம் நடக்குமாம். இங்க மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிருமாம். அவன் கோர்ட்டுல ஜட்ஜுக்குச் சந்தேகம் வந்தா ஆள விட்டுருவானாம். துவானுக்குச் சந்தேகமே வராதாம், அதனால யாரையும் விடவேண்டிய தொந்தரவு இல்லையாம்."

வீரமுத்து கைதி இடத்தில் நின்று தலையாட்டினான். யார் பேசினாலும் தலையாட்டுவது அவன் பழக்கம்.

"கண்ணால பாத்த சாட்சின்னா அது போட்டோ மாதிரியாம். ஆளு அதுல இருக்கான், பாத்துக்கிட வேண்டியதுதான். 'நான் அங்க இல்ல, வேற எடத்துல இருந்தேன்'னு குற்றவாளி சொல்றானே, அது என்ன? ஆளில்லாத போட்டோவாம். பதினஞ்சு வருசம் கடை வெச்சிருந்தாகளாம், ஆளில்லாத போட்டோவ ஒருத்தரும் வந்து வாங்கினதில்லையாம். இருந்தாலும் நிப்பான் நீதி, அதான் ஜப்பான் நீதி, தாராளமானதாம். வேற எடத்துல இருந்தான்னு சொல்ல ஆளு இருந்தா வரலாமாம்."

பஞ்சாலை எழுந்தாள். கைதியின் பெயர் என்ன என்று கேட்டார்கள். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிற ஊர்க்காரி அவள். "அவருதாங்க" என்று கையைக் காட்டினாள். சாட்சிக்குக் கைதியின் பெயர்கூடத் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். மனைவி என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார்கள். சொந்தக்காரர் சாட்சி செல்லாது, பாசத்தில் பொய் சொல்வார்கள். சிநேகிதர் சாட்சி செல்லாது, அவர்களும் அப்படித்தான். பழக்கமில்லாதவர் சாட்சியும் செல்லாது, இருட்டில் அவனை அவர்களுக்கு எப்படி அடையாளம் தெரியும்?

"பின்ன யாருதாங்க சொல்லலாம்?" என்று பஞ்சாலை கேட்டாள்.

"விரோதி சொல்லலாமாம். விரோதி ஒருத்தனுக்குச் சாதகமாச் சொன்னா அது நெசமாத்தான் இருக்குமாம்."

வீரமுத்துவுக்கு விரோதி கிடையாது. முப்பத்தைந்து வருஷமாக ஒருவரையும் பகைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தது எவ்வளவு பெரிய குற்றம் என்று அன்றுதான் பஞ்சாலைக்குத் தெரிந்தது. அவள் சனத்துக்குள் புகுந்து, தொழிலாளர் லயத்தில் பக்கத்து வீட்டு மங்கம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, வேலிக்காக அவரோட சண்டை போட்டீல்ல. நீ வந்து சொல்லுக்கா."

"அது போன வருசமே தீந்துபோச்சேடி."

"தீரலன்னு சொல்லுக்கா. உன் கால்ல விழறேன்."

மங்கம்மா மனமுவந்து விரோதியாகி முன்னால் வந்தாள். இவனை எனக்குக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்காது என்று தொடங்கி, மரவள்ளி வேலி, ஆடு, கோழி எல்லாவற்றையும் சொன்னாள். நீதிபதி மகிழ்ந்துபோனார். கடைசியில், வணக்கத்தின்போது, சத்தம் கேட்ட அந்த நேரத்தில், இவன் களத்தில் இருந்ததைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார்.

"பாத்தேன் சாமி. சத்தியமாப் பாத்தேன்."

"அப்படின்னா வணக்கத்துல தலையத் தூக்கினியான்னு கேக்குறாக," என்றார் ஹாஜா மைதீன், மெல்லிய குரலில்.

கிளப்பில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள். மங்கம்மா பஞ்சாலையைப் பார்த்தாள், வாசலில் நின்ற சிப்பாயைப் பார்த்தாள். "இல்லீங்க சாமி. பாக்கல. ஒண்ணும் பாக்கல," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பஞ்சாலை அவளைக் குறை நினைக்கவில்லை. அங்கிருந்த நூற்றெண்பது பேருக்கும் அதே கதிதான். பார்த்தேன் என்றால் சக்கரவர்த்தியை அவமதித்ததாகும், பார்க்கவில்லை என்றால் சாட்சி இல்லை. பேர் கூப்பிட்ட பதிவைக் கேட்கலாமே என்றால், பேர் கூப்பிட்டது வணக்கம் முடிந்து பத்து நிமிஷத்துக்குப் பிறகு. பத்து நிமிஷத்தில் ஸ்டோரிலிருந்து ஓடி வந்துவிடலாம் என்று மன்றம் சொன்னது.

"காலப் பாத்தேங்க," என்றாள் பஞ்சாலை.

நீதிபதி நிமிர்ந்தார்.

"தலையக் குனிஞ்சா முன்னால நிக்கிறவங்க காலுதானுங்களே தெரியும். விளக்கு கீழதான் வெச்சிருந்தாங்க. அவரு காலு என் கண்ணு முன்னாலயே இருந்துச்சு. எடது கால்ல சுண்டுவெரல் இல்ல, மண்வெட்டி பட்டுப் போச்சு. அந்தச் சத்தம் கேட்டப்போ கட்டவெரலு ரெண்டும் மண்ண அழுத்துச்சுங்க. நான் பாத்தேன்."

குனிந்த தலையோடு பார்த்தது வணக்க விதிக்கு விரோதமில்லை. மனைவி சாட்சி செல்லாதே என்றால், மனைவி புருஷனைப் பற்றிச் சொல்வதுதான் செல்லாது, காலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. நீதிபதிக்குப் பழைய தொழிலின் உற்சாகம் வந்துவிட்டது. கோணிச் சாக்குகளைத் தைத்துத் திரை கட்டச் சொன்னார். பத்து ஆண்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, இருபது கால்கள் மட்டும் வெளியே தெரியும்படி செய்தார்கள். மரவள்ளிக் காட்டு மண் அப்பிய கால்கள். பஞ்சாலை இரண்டே எட்டில் போய் ஒரு ஜோடிக்கு முன்னால் நின்றாள். அவளை வெளியே அனுப்பி, ஆளை மாற்றி நிறுத்தி, எல்லாருடைய இடது சுண்டுவிரலையும் துணியால் சுற்றி மறைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடியும் அதே கால்களுக்கு முன்னால்தான் நின்றாள். பன்னிரண்டு வருஷம் அந்தக் கால்களுக்குச் சுடுதண்ணீர் ஊற்றியவள் அவள். நீதிபதி பெட்டியிலிருந்து கேமராவை எடுத்து அந்தக் கால்களை ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

"வீரமுத்துவோட காலு ரெண்டும் அந்த நேரத்துல பெரட்டுல இருந்துச்சுங்கிறத மன்றம் சந்தேகமில்லாம ஏத்துக்கிருச்சாம்," என்றார் ஹாஜா மைதீன்.

பஞ்சாலைக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"ஆனா கொலைய யாரும் காலால செய்யலையாம்," என்று ஹாஜா மைதீன் முடித்தார்.

அடுத்து ராமகிருஷ்ணன் கிராணி. ஆறரை மணி, ஸ்டோர், மண்வெட்டி, முகம் நன்றாகத் தெரிந்தது என்று ஒப்பித்தார். அப்போது அதுவரை வாய் திறக்காத வீரமுத்து கைகட்டிக்கொண்டு, "துவான், ஆறரைக்கு இருட்டுங்க," என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்ததும் நீதிபதியின் முகம் சிவந்தது. யாருடைய ஆறரைக்கு இருட்டு என்று கேட்டார். இது நிப்பானின் நேரம். நிப்பானில் ஆறரை மணிக்குச் சூரியன் இருக்கும். மலாயாவில் அந்த மணிக்கு இருட்டாக இருந்தால், அது இருட்டின் தாமதம். வேலைக்குத் தாமதமாக வருகிறவனையே மன்னிக்காத அரசாங்கம் இருட்டை எப்படி மன்னிக்கும்? ஆகவே ஆறரைக்கு வெளிச்சம் என்று மன்றம் தீர்மானிக்கிறது. அப்புறம் கிராணியின் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். நிமிஷம் பிசகாமல் சரியாக இருந்தது. இப்படிப்பட்ட கடிகாரத்தை வைத்திருப்பவர் கண்ணும் சரியாகத்தான் இருக்கும் என்று பாராட்டினார்.

அன்று காலை கிளப்புக்கு வெளியே, தூண் மறைவில் நின்று ராமகிருஷ்ணன் கடிகாரத்தைத் திருகியதைப் பஞ்சாலை பார்த்திருந்தாள். இனி மறைத்து என்ன? எழுந்துவிட்டாள்.

"பாய், சொல்லுங்க அவருகிட்ட. அந்தக் கடிகாரத்துல அன்னைக்கு வெள்ளக்காரன் நேரம் ஓடுச்சு. அந்த ஆறரை, எட்டு மணி. காலையிலதான் திருகி வெச்சாரு. என் கண்ணால பாத்தேன்."

ஹாஜா மைதீன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மலாயில் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். பஞ்சாலைக்கு அதில் தெரிமா காசே என்ற ஒரு சொல்தான் புரிந்தது. நன்றி என்று அர்த்தம். நீதிபதி பெருந்தன்மையாகத் தலையசைத்து, பரவாயில்லை என்றார்.

"என்ன பாய் சொன்னீங்க?"

"துவானோட நீதிக்கு நீ நன்றி சொல்றேன்னு சொன்னேன். உக்காரும்மா. வெள்ளக்காரன் நேரம்னு வாயால சொன்னா உனக்கும் தலை போகும், கேட்டுச் சொன்ன எனக்கும் போகும். ஒண்ணு போறது பத்தாதா?"

தீர்ப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. சொன்ன சொல் தவறியதற்கு நீதிபதி வருத்தம் தெரிவித்தார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"கிராணி பாத்தது உண்மையாம். காலும் உண்மையாம். ரெண்டுல ஒண்ணப் பொய்னு தள்ளினா, இந்த மன்றம் காலையிலேருந்து ஒரு பொய்யக் கேட்டுக்கிட்டு இருந்துச்சுன்னு ஆயிருமாம். இந்த மன்றத்துல இதுவரைக்கும் பொய் நொழஞ்சதில்லையாம். அதனால வீரமுத்து ஒரே நேரத்துல ரெண்டு எடத்துலயும் இருந்திருக்கான். பெரட்டுல நின்னவன் ஒண்ணாம் வீரமுத்து, அவன் குற்றமில்லாதவன். ஸ்டோர்ல நின்னவன் ரெண்டாம் வீரமுத்து, அவன் கொலகாரன்."

ஹாஜா மைதீன் நிறுத்தி, தான் சரியாகத்தான் கேட்டோமா என்று நீதிபதியை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"கொலகாரன் தலைய எடுத்தா குற்றமில்லாதவன் தலையும் சேந்து போயிருமாம். அது அநியாயம். குற்றமில்லாதவன விட்டா கொலகாரனும் கூடவே நழுவிருவான். அதுவும் அநியாயம். அதனால ரெண்டு பேரும் சயாமுக்குப் போகணும். ரெண்டாம் வீரமுத்து தண்டனையாப் போறான். ஒண்ணாம் வீரமுத்து கௌரவமாப் போறான். இத்தோட தோட்டத்துலேருந்து நாப்பது பேரும் சரியாப் போச்சாம்."

கிளப் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. காலையில் வீரமுத்துவுக்காகக் கண்ணீர் விட்டவர்கள்தான். லிஸ்டில் காலியாக இருந்த இரண்டு இடமும் நிரம்பிவிட்டது என்று தெரிந்ததும் அவர்களுக்கு மூச்சு வந்தது, பாவம். ராமகிருஷ்ணன் கிராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரும் பஞ்சாலையின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் மறுநாள் யாரோ ஒருத்தி, பாஞ்சாலி என்கிற திரௌபதை அம்மன் பேரை வைத்ததற்கு இரண்டு புருஷனாவது கிடைத்தானே என்று சொல்லப் போக, மங்கம்மா அவளைக் குடத்தாலேயே அடிக்கப் போனாள்.

லாரி வந்த அன்று பேர் கூப்பிட்டார்கள்.

"ஒண்ணாம் வீரமுத்து."

"இருக்கேன்."

"ரெண்டாம் வீரமுத்து."

அவன் பேசாமல் நின்றான். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையை ஓங்கியதும் ஓர் அடி தள்ளி நின்று, "இருக்கேன்," என்றான். பொட்டலச் சோறு ஆளுக்கு ஒன்று. இரண்டாமவன் தனியாக வந்து வாங்கவில்லை என்று அவன் பங்கை வைத்துக்கொண்டார்கள்.

பஞ்சாலை லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவன் பலகைமேல் குனிந்தான். "பெரட்டுக்கு நேரத்தோட போயிரு. லேட்டாப் போயி அடி வாங்காத," என்றான். லாரி வேகமெடுத்ததும் அவள் கையை விட்டுவிட்டாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு கடிதாசி வந்தது. ராமகிருஷ்ணன் அதைத் தனக்குள் மூன்று முறை படித்துவிட்டுத்தான் வாய்விட்டுப் படித்தார். ஒன்றாம் வீரமுத்து வாந்திபேதியில் காலமானார். இரண்டாம் வீரமுத்து நலம். இறந்தவரின் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்து வருகிறார்.

"ஒண்ணாமவரு யாருங்க? பெரட்டுல நின்னவரா?"

"ஆமா."

"அவருதாங்க என் புருசன்."

அவர் கடிதாசியை மடித்து அவளிடம் கொடுத்தார். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று லயத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அரசாங்கக் காகிதம் பாதிதான் சொல்கிறது. பஞ்சாலை பொட்டை மட்டும் அழித்துவிட்டுத் தாலியை வைத்துக்கொண்டாள்.

சண்டை முடிந்தது. துரைமார்கள் வந்தார்கள். கடிகார முள்ளை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். வருஷமும் 1945க்குத் திரும்பியது. ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால், அந்தக் காலை நேரத்தையும் திருப்பித் தரலாமே என்று பஞ்சாலை நினைத்தாள். பெரட்டு முடிந்து, பளபளவென்று விடிந்த பிறகு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் ஸ்டோரைத் தாண்டி நடந்து போகிறான். அவ்வளவுதானே நடந்தது.

சயாமுக்குப் போனவர்களைப் பதிவு செய்யத் தோட்ட ஆபீசில் எழுதி நிரப்ப ஒரு பாரம் கொடுத்தார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது ராமகிருஷ்ணன். இப்போது பெரிய கிராணி. கடிகாரம் சட்டைப் பைக்கு வெளியே, சங்கிலியோடு மின்னியது.

"புருசன் பேரு?"

பஞ்சாலை தலையைக் குனிந்தாள். குறைவதற்கு இனி ஆயுசு ஏது. "வீரமுத்து," என்றாள். கல்யாணமாகி முதல் தடவையாக. "ஒரே ஒரு வீரமுத்துங்க."

"பேப்பர்ல ரெண்டு இருக்கே, பஞ்சாலை. ஒண்ணாமவன் செத்துட்டான்னு எழுதலாம். ரெண்டாமவன் செத்ததுக்குத் தாக்கல் இல்ல. ஒரு புருசன் உசுரோட இருக்கும்போது உன்ன எப்படி விதவைன்னு எழுதறது?"

"ஐயா, அன்னைக்கு நீங்க அவரப் பாத்தப்போ மணி என்னங்க?"

ராமகிருஷ்ணன் கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பக்கத்து அறையில் புதுத் துரை இருந்தார். இனி பயமில்லை.

"என் கடிகாரம் ஒரு நாளும் தப்பா ஓடினதில்ல. ஜப்பான்காரன் கணக்குல அது எட்டு மணி. வணக்கம் முடிஞ்சு ஒன்றரை மணி நேரம். அவன் வேலைக்குத்தான் போய்க்கிட்டு இருந்தான். பாவம், அவன் ஒண்ணும் செய்யல."

"அத எழுதுங்க ஐயா."

அவர் பாரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார்.

"இதுல அதுக்கு எடம் இல்லையே, பஞ்சாலை."

மறுநாள் பெரட்டில் வணக்கம் இல்லை. விசில் இல்லை. எல்லாரும் தலையை நிமிர்த்திக்கொண்டு, பேசிக்கொண்டு நின்றார்கள். பஞ்சாலையின் தலை மட்டும் பழக்கதோஷத்தில் தானாகக் குனிந்தது. அவளுக்கு முன்னால் அந்த இடத்தில், நீலாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த யாரோ ஒருவன் நின்றிருந்தான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவன் இடது காலில் ஐந்து விரல்களும் இருந்தன.